பேட்டரி கனெக்டர்கள்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை லித்தியம் செல்லில் ஓடும் சின்ன போர்டு முதல் 6எஸ் லிப்போவில் (ஆறு லித்தியம் பாலிமர் செல்களைத் தொடரில் கோத்த பேட்டரி) பறக்கும் ட்ரோன் வரை, வீட்டு மேசையில் நடக்கும் வேலைகளுக்கான பதில்கள் இவை. மின்சார ஸ்கூட்டர், சோலார் பேட்டரி வங்கி போன்ற பெரிய வேலைகளுக்கு இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் ‘ஜேஎஸ்டி கனெக்டர்’ என்று கேட்டால் நாலைந்து வகையை எடுத்துப் போடுகிறார்கள். என் போர்டுக்கு எது?

ஜேஎஸ்டி என்பது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பெயர். கனெக்டரின் பெயர் அல்ல. அந்த நிறுவனம் பல வரிசைகளில் கனெக்டர் செய்கிறது. ஒரு வரிசை இன்னொன்றில் நுழையாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது வரிசையின் பெயர்: பிஎச், எக்ஸ்எச், எஸ்எச் என்று.

எந்த வரிசை என்று கண்டுபிடிக்க, அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு (உலோக முள்களுக்கு) இடையே உள்ள இடைவெளியை நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். எஸ்எச் 1.0 மி.மீ., ஜிஎச் 1.25, இசட்எச் 1.5, பிஎச் 2.0, எக்ஸ்எச் 2.5, விஎச் 3.96. இரண்டு பின் மட்டும் உள்ளதைச் சாதாரண ஸ்கேலில் அளந்தால் 2.0-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். வெர்னியர் வேண்டும். அது இல்லையென்றால் ஒரு பெர்க் ஸ்ட்ரிப்பை (போர்டுகளில் வரும் சாதாரண பின் வரிசை) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் இடைவெளி 2.54 மி.மீ. பின்கள் ஏறக்குறைய நேராக நின்றால் எக்ஸ்எச். தெளிவாக நெருங்கி நின்றால் பிஎச்.

சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, ‘ஜேஎஸ்டி 1.25’ என்று இணையத்தில் விற்பவற்றில் பெரும்பாலானவை மோலெக்ஸ் நிறுவனத்தின் பிக்கோபிளேடு வடிவம். ஜேஎஸ்டியின் ஜிஎச்சும் அதே 1.25 மி.மீ. இடைவெளிதான், ஆனால் ஒன்றில் மற்றது பூட்டாது. இரண்டாவது, சென்னை ரிச்சி தெருக் கடைகளில் ‘ரிலிமேட்’ என்று தருவது 2.54 மி.மீ. வகை. எக்ஸ்எச்சுக்குப் பதிலாக அதைத் தந்துவிடுவதுண்டு. இரண்டு பின்னில் 0.04 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஹவுசிங்கின் (பிளாஸ்டிக் கூட்டின்) வடிவமே வேறு. மூன்றாவது, சின்ன விமான மாடல்களின் லிப்போவில் வரும் சிவப்புக் கனெக்டர். பலர் அதையே ‘ஜேஎஸ்டி’ என்பார்கள். வரிசைப் பெயர் ஆர்சிஒய்.

எக்ஸ்டி60 என்றால் 60 ஆம்பியர் தாங்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 60 என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும். பெரிய கரண்டுக்கான இந்த எக்ஸ்டி வரிசையின் தயாரிப்பாளரான ஆமாஸ் தரும் கணக்கில் எக்ஸ்டி60 தொடர்ச்சியாக 30 ஆம்பியர், உச்சமாக 60. எக்ஸ்டி30 தொடர்ச்சியாக 15, உச்சம் 30. எக்ஸ்டி90 தொடர்ச்சியாக 40, உச்சம் 90. இவையும் அததற்குரிய தடித்த ஒயர் இருந்தால்தான்.

சின்னவற்றிலும் இதே கதை. பிஎச் 2 ஆம்பியர் என்று போட்டிருப்பது 24 கேஜ் ஒயருக்கு (கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும்). எக்ஸ்எச் 3 ஆம்பியர் என்பது 22 கேஜுக்கு. விஎச் 10 ஆம்பியர் என்பது 16 கேஜுக்கு. உங்கள் பேட்டரியோடு வந்த பிஎச் கனெக்டரில் 28 கேஜ் ஒயர் இருந்தால் 2 ஆம்பியரை மறந்துவிடுங்கள். 1 ஆம்பியருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கனெக்டருக்குள் பிறக்கும் சூடு வெளியேறும் முக்கிய வழியே ஒயரின் செம்புதான். ஒயர் மெலிந்தால் சூடு உள்ளேயே தங்கும்.

இங்கே கேஜ் என்பது எல்லா இடத்திலும் ஏடபிள்யூஜி, அதாவது அமெரிக்க ஒயர் கணக்கு. பழைய கடைகளில், குறிப்பாக காயில் சுற்றும் கம்பி விற்பவர்களிடம், எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் கணக்கு நடக்கிறது. 22 ஏடபிள்யூஜி ஒயரின் செம்பு 0.64 மி.மீ. விட்டம், 22 எஸ்டபிள்யூஜி 0.71. குழப்பம் வந்தால் சதுர மி.மீ. கேளுங்கள்: 24 கேஜ் 0.2, 22 கேஜ் 0.33, 18 கேஜ் 0.82, 14 கேஜ் 2.1, 12 கேஜ் 3.3 சதுர மி.மீ.

அப்படியானால் என் வேலைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), சின்ன சென்சார், ஒரு செல் லிப்போ: பிஎச். போர்டுகளே அதோடுதான் வருகின்றன.

2எஸ் அல்லது 3எஸ் பேட்டரியில் ஓடும் ரோபோ வண்டி: எக்ஸ்டி30. மோட்டார் ஓடும்போது 1 ஆம்பியர்தான் எடுக்கிறது, எக்ஸ்எச் போதுமே என்று தோன்றும். சக்கரம் முட்டி நின்றுவிட்டால் அதே மோட்டார் நாலைந்து மடங்கு எடுக்கும். நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போதும் அப்படித்தான். கனெக்டரை ஓட்ட மின்னோட்டத்துக்கு அல்ல, நின்றுபோன மோட்டாரின் மின்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

5 அங்குல விசிறி ட்ரோன், பெரிய கார் மாடல்: எக்ஸ்டி60. எக்ஸ்டி90 இதற்குத் தேவையில்லாத எடை.

லிப்போவின் பேலன்ஸ் ஒயர்: எக்ஸ்எச். செல்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் பின்களின் எண்ணிக்கை. 3எஸ் என்றால் 4 பின். அதிலிருந்து லோடுக்கு (பேட்டரியில் ஓடும் கருவிக்கு) கரண்ட் எடுக்காதீர்கள். அது சார்ஜர் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்ப்பதற்கும், செல்களைச் சமன் செய்வதற்கும் மட்டும்.

யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி: இதற்குத் தகட்டு லக், அதாவது பேட்டரியின் தகட்டில் செருகும் உலோக முனை. தகட்டின் அகலம் 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என இரண்டு அளவில் வரும். 6.3 லக்கை 4.8 தகட்டில் செருகினால் நுழையும், நிற்கும், கையில் ஆடும். ஆடுகிற லக் சூடாகும். குறடால் நெரித்து இறுக்குவது ஒருநாள் வைத்தியம்; இரண்டு ரூபாய்க்குச் சரியான லக் கிடைக்கும்.

பழைய டாமியா வெள்ளைக் கனெக்டர் உங்கள் காரில் இருந்தால் அதை வெட்டிவிட்டு எக்ஸ்டி60 போடுங்கள். நிக்கல் காட்மியம் காலத்துப் பொருள் அது; லிப்போ தரும் கரண்டுக்கு அதன் தகடுகள் தளர்ந்துவிடும்.

புது பேட்டரியை மாட்டியதும் போர்டு புகைந்துவிட்டது. கனெக்டர் சரியாகத்தானே நுழைந்தது?

சரியாக நுழைந்தது, பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸில் போர்டுகள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்றே சொல்லலாம்.

பிஎச் கனெக்டர் தலைகீழாக நுழையாதபடி வடிவமைக்கப்பட்டது. ஆனால் முதல் பின் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஜேஎஸ்டி எங்கேயும் சொல்லவில்லை. அது கனெக்டர் செய்பவரின் வேலையும் அல்ல. ஒரு போர்டு தயாரிப்பாளர் ஒரு பக்கம் வைத்தார், ஒரு பேட்டரி தயாரிப்பாளர் இன்னொரு பக்கம் வைத்தார். இரண்டும் ஒன்றில் ஒன்று அழகாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒயரின் நிறம் சிவப்பும் கறுப்பும் சரியாகவே இருக்கும். ஹவுசிங்கில் இருக்கும் இடம்தான் மாறியிருக்கும்.

எனவே, புது பேட்டரி எதுவானாலும் முதல் முறை மாட்டும் முன் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரியின் கனெக்டரில் அளக்கவும். ஆய்முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளவும். போர்டில் ‘+’ குறி எந்தப் பின்னுக்கு என்று பார்க்கவும். குறி இல்லையென்றால், பேட்டரி மாட்டாத போர்டின் கிரவுண்டுக்கும் கனெக்டர் பின்னுக்கும் இடையே மீட்டரைப் பீப் சத்த நிலையில் வைத்துப் பார்த்தால் மைனஸ் எது என்று தெரிந்துவிடும்.

மாறியிருந்தால் ஒயரை வெட்டி ஒட்ட வேண்டுமா?

வேண்டாம். ஹவுசிங்கின் ஒரு பக்கத்தில் சின்ன ஜன்னல் போன்ற திறப்பு இருக்கும். உள்ளே டெர்மினலின் (ஒயர் முனையில் உள்ள உலோகத் துண்டின்) நாக்கு தெரியும். தையல் ஊசியால் அந்த நாக்கை மெல்ல உள்ளே அமுக்கிக்கொண்டு ஒயரைப் பின்னால் இழுத்தால் டெர்மினல் வெளியே வரும். முதல் டெர்மினல் வந்ததும், இரண்டாவதைத் தொடும் முன், அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட வேண்டும். பேட்டரி எப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. இரண்டையும் மாற்றிச் செருகும் முன் ஊசி முனையால் நாக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுங்கள், இல்லையென்றால் பூட்டாது. செருகியதும் ‘டிக்’ என்று கேட்கும். இழுத்தும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க முடியாது. போர்டிலேயே பாதுகாப்பு வைக்கலாமா?

வைக்கலாம். ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் ஷாட்கி டயோடு ஒன்றைத் தொடரில் போடுவது எளிய வழி, ஆனால் அது 0.3 வோல்ட் வரை தின்னும். ஒரு செல் பேட்டரியில் அது பெரிய இழப்பு. பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) நல்லது. அதன் மூன்று கால்களில், டிரெய்ன் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, சோர்ஸ் லோடுக்கு, கேட் கிரவுண்டுக்கு. டிரெய்னும் சோர்ஸும் பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், அதுதான் சரி. ஏஓ3401 என்ற மாஸ்ஃபெட் ஒரு செல்லுக்கும் இரண்டு செல்லுக்கும் போதும். அதன் கேட் 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. முழு சார்ஜில் 3எஸ் 12.6 வோல்ட். ஆகவே 3எஸ்ஸுக்கு, கேட் வோல்டேஜைக் கட்டுப்படுத்த ஸீனர் டயோடும் ரெசிஸ்டரும் சேர்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: சார்ஜ் செய்யும் ஐசி மாஸ்ஃபெட்டுக்கு லோடு பக்கத்தில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கைவிடும். யூஎஸ்பி மாட்டியிருக்கும்போது சார்ஜரின் வோல்டேஜே மாஸ்ஃபெட்டைக் கரண்ட் விடும்படி திறந்து வைத்துவிடும். அந்த நேரத்தில் தலைகீழ் பேட்டரியை மாட்டினால் நேராகப் பாயும்.

ஆண், பெண் – பேட்டரி பக்கம் எது வர வேண்டும்?

கரண்ட் தரும் பக்கத்தில் உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதாவது பேட்டரியில் பெண். எக்ஸ்டி வகையில் குழப்பம் வருவதற்குக் காரணம், பிளாஸ்டிக்கின் பாலினம் வேறு, உலோகத்தின் பாலினம் வேறு. பெண் கனெக்டரின் பிளாஸ்டிக் மற்றதற்குள் நுழையும். உலோகத்தைப் பாருங்கள்: குழியாக இருந்தால் பெண். எக்ஸ்டி60-இல் ஒரு முனை தட்டையாகவும் மறுமுனை மூலைகள் சீவியும் இருக்கும். தட்டைப் பக்கம் பிளஸ். பிளாஸ்டிக்கிலேயே குறியும் அச்சாகியிருக்கும்.

பிஎச், எக்ஸ்எச் டெர்மினலைச் சரியாகக் கிரிம்ப் செய்வது (ஒயரில் நெரித்துப் பொருத்துவது) எப்படி?

டெர்மினலில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன்னால் உள்ள சின்ன ஜோடி செம்பைப் பிடிக்கும். பின்னால் உள்ள பெரிய ஜோடி பிளாஸ்டிக் உறையைப் பிடிக்கும். முதலாவது மின்சாரத்துக்கு, இரண்டாவது பலத்துக்கு. இரண்டும் தத்தம் இடத்தில் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. தவறுகள் எல்லாம் இடம் மாறுவதால் வருபவை.

முதலில் ஒயர். பிஎச் டெர்மினல் 24 கேஜுக்கு மேல் தடிமனை ஏற்காது. உறையோடு சேர்த்து 1.5 மி.மீ. விட்டம் வரைதான். எக்ஸ்எச் 28 முதல் 22 கேஜ், உறை 1.9 மி.மீ. வரை. சிலிக்கோன் ஒயர் வளைவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் அதன் உறை தடிமன். 24 கேஜ் சிலிக்கோன் பெரும்பாலும் பிஎச்சுக்குள் அடங்காது. பிஎச்சுக்குச் சாதாரண பிவிசி உறை ஒயரே எளிது.

உறையைப் பிஎச்சுக்குச் சுமார் 2 மி.மீ., எக்ஸ்எச்சுக்குச் சுமார் 2.5 மி.மீ. உரிக்கவும். நகத்தாலோ பல்லாலோ உரித்தால் இழைகள் அறும். ஏழு இழையில் இரண்டு போனால் ஒயர் முப்பது சதவீதம் மெலிந்துவிட்டது என்று பொருள். உரித்த இழைகளை லேசாக ஒரு முறுக்கு. இறுக்கிக் கயிறாக்க வேண்டாம். ஈயமும் (சால்டர்) வைக்கக் கூடாது.

டெர்மினலைக் கருவியின் தாடையில் சிறகுகள் மேல்நோக்கி வைத்து, விழாத அளவுக்கு மட்டும் அமுக்கவும். ஒயரை நுழைத்து, உறையின் விளிம்பு இரண்டு ஜோடிச் சிறகுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நிற்கும்படி வைக்கவும். செம்பு முன் ஜோடியைத் தாண்டி அரை மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட நீண்டால் எதிர்ப்பின் வரும் இடத்தில் இடிக்கும். இப்போது அமுக்கவும். ராச்செட் கருவி என்றால் தானே விடும் வரை. ராச்செட் இல்லாத இரண்டு-படிக் கருவி என்றால், செம்புச் சிறகுக்குச் சின்ன பள்ளம், உறைச் சிறகுக்கு அடுத்த பெரிய பள்ளம்.

முடிந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். செம்புச் சிறகுகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சுருண்டு, இரண்டு வளைவாகத் தெரிய வேண்டும். அந்தச் சிறகின் பின் விளிம்பு நாதஸ்வர வாயைப் போல லேசாக விரிந்திருந்தால் நல்ல கிரிம்ப். கூர் விளிம்பு இழையை வெட்டவில்லை என்று அர்த்தம். டெர்மினல் வாழைப்பழம்போல வளைந்திருந்தால் அளவுக்கு மீறி அமுக்கியிருக்கிறீர்கள். 24 கேஜ் ஒயரில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கழலக் கூடாது.

மோசமான தவறு எது என்றால், உறையின் ஒரு பகுதி செம்புச் சிறகுக்குள் போய் மாட்டிக்கொள்வது. இழுத்தால் வராது, மீட்டரில் பீப் அடிக்கும், எல்லாம் சரியாகவே தெரியும். லோடு வந்ததும் வோல்டேஜ் விழும். ஓரிரு இழைகள்தான் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பீப் சத்தம் கிரிம்ப்புக்குச் சான்று அல்ல. அந்தச் சோதனையில் ஓடுவது மில்லி ஆம்பியர் அளவே.

கிரிம்ப் செய்தபின் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் இன்னும் உறுதியாகுமே?

ஆகாது. ஈயம் ஒயரின் இழைகள் வழியே உறைக்குள் ஏறி, அந்த நீளத்தை விறைப்பான கம்பியாக்கிவிடும். வளையும் இடமும் விறைத்த இடமும் சந்திக்கும் புள்ளியில் நாளடைவில் முறியும். ஈயம் முன்பக்கம் வழிந்து தொடர்புப் பகுதிக்குள் போனால் கனெக்டரே நுழையாது.

கிரிம்ப்புக்கு முன் ஈயம் வைப்பது இதைவிடக் கெடுதல். ஈயம் மென்மையான உலோகம். அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று இறுக்கமாக இருக்கும் பிடி சில மாதத்தில் தளரும். ஸ்க்ரூ டெர்மினலில் ஈயம் வைத்த ஒயரைப் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

நல்ல கருவி கைவசம் இல்லாதபோது, வேறு வழியின்றி மூக்குக் குறடால் சிறகை மடக்கியிருந்தால் மட்டும், முன்பக்கம் வழியாமல் ஒரு துளி வைக்கலாம். சோதனை மேசைக்கு அது ஓடும். ஆடி அதிரும் வண்டிக்கு வேண்டாம்.

எந்தக் கருவி வாங்குவது?

பெர்க் வகை டெர்மினலுக்கென்று வரும் எஸ்என்-28பி பிஎச்சுக்குப் பெரிது. பிஎச், எக்ஸ்எச் இரண்டுக்கும் எஸ்என்-2549 பொருந்தும். ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனத்தின் பிஏ-09, 1.0 முதல் 1.9 மி.மீ. வரை பள்ளங்கள் கொண்டது. மெதுவாக, இரண்டு படியாகச் செய்ய வேண்டும், ஆனால் சின்ன டெர்மினல்களில் சுத்தமாக விழும். எந்தக் கருவியானாலும் முதல் இருபது டெர்மினலைப் பழகுவதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

ஆண்டுக்குப் பத்துக் கனெக்டர் தேவைப்படுபவர் கருவி வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கிரிம்ப் செய்து ஒயரோடு வரும் வால்கள் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. அவற்றிலும் நிறத்தை நம்பாமல் இடத்தைச் சரிபாருங்கள். ஒயர் முனையைச் சுரண்டிப் பார்த்து உள்ளே வெள்ளியாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம், அல்லது ஈயப்பூச்சுச் செம்பாக இருக்கலாம். ஆழமாகச் சுரண்டியும் செம்பு நிறம் வராவிட்டால் அலுமினியம், தவிர்த்துவிடுங்கள்.

எக்ஸ்டி60-இல் ஈயம் வைக்கும்போது பிளாஸ்டிக் உருகி பின் சாய்ந்துவிடுகிறது.

சால்டரிங் அயர்னின் சூடு போதவில்லை என்பதால்தான் உருகுகிறது. முரணாகத் தோன்றும், ஆனால் உண்மை. 25 வாட் அயர்ன் அந்தப் பெரிய பித்தளைக் கிண்ணத்தைச் சூடாக்க அரை நிமிடம் எடுக்கும். அதற்குள் சூடு பிளாஸ்டிக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 60 வாட்டுக்குக் குறையாத அயர்ன், 3 மி.மீ. அகல உளி முனை, 380 முதல் 400 டிகிரி செல்சியஸ். 63/37 ஈயம் 183 டிகிரியிலேயே உருகும். அதிகச் சூடு வேகத்துக்காக. மூன்று நான்கு நொடியில் வேலை முடிய வேண்டும்.

செய்யும் முறை:

1. சோடிக் கனெக்டரை – பழையதோ உதிரியோ, எதிலும் இணைக்காதது – செருகி வைக்கவும். பின்களை நேராகப் பிடிக்கும், சூட்டையும் வாங்கிக்கொள்ளும். உயிருள்ள பேட்டரியின் கனெக்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.
2. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூட்டில் சுருங்கும் குழாய்) முதலில் ஒயரில் கோத்துவிடவும். 14 கேஜ் சிலிக்கோனுக்கு 6 மி.மீ. விட்டம், 15–20 மி.மீ. நீளம். இதை மறந்து ஈயத்தைப் பிரிக்காதவர் அரிது. அயர்னிலிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் முன்பே சுருங்கிவிடும்.
3. ஒயரை 5–6 மி.மீ. உரித்து ஈயம் ஊட்டவும். இங்கே ஈயம் ஊட்டுவது சரி. இது கிரிம்ப் அல்ல.
4. கிண்ணத்தில் பாதியளவு ஈயம் நிரப்பவும்.
5. அயர்னைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வைத்து, உள்ளே ஈயம் பளபளவென்று ஆனதும் ஒயரை இறக்கவும். ஒரு நொடி கழித்து அயர்னை எடுக்கவும். ஈயம் மங்கி இறுகும் வரை கை அசையக் கூடாது.

ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் ரோசின் வகையாக இருக்கட்டும். ரேடியேட்டர் பற்றவைக்க வரும் அமில ஃபிளக்ஸ் ஒயருக்குள் ஏறி, உறைக்குள்ளேயே செம்பைப் பச்சையாக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் பிளாஸ்டிக் குழைந்தால், கனெக்டர் நகலாக இருக்கலாம். ஆமாஸ் கனெக்டரில் பெயர் பிளாஸ்டிக்கில் அச்சாகியிருக்கும், நைலான் சூடு தாங்கும். பெயர் இருப்பது மட்டும் உத்தரவாதம் அல்ல. செருகும்போது இறுக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியில் உள்ள பழைய கனெக்டரை மாற்ற வேண்டும். எப்படி வெட்டுவது?

ஒரு நேரத்தில் ஒரே ஒயர். கட்டிங் பிளேயரால் இரண்டையும் சேர்த்து வெட்டினால் பிளேயரே ஷார்ட் ஆகும். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றின் உள்தடை 40 மில்லி ஓம் என்று வைத்தால் 4.2-ஐ 0.04-ஆல் வகுக்க, 100 ஆம்பியருக்கு மேல். பிளேயர் வாயில் பள்ளம் விழும். கண்ணுக்குள் உலோகத் துளி தெறிக்கும். லிப்போவில் இதைவிடவும் கூடும்.

மைனஸை வெட்டி, உரித்து, புதுக் கனெக்டரில் ஈயம் வைத்து, ஸ்லீவைச் சுருக்கி முடித்த பிறகுதான் பிளஸ்ஸைத் தொட வேண்டும். பிளஸ் முடியும் வரை அதன் முனையில் டேப். பேட்டரியை முழு சார்ஜில் வைத்து இந்த வேலை செய்ய வேண்டாம், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

மாட்டும்போது ‘பட்’ என்று தீப்பொறி. கனெக்டர் பழுதா?

பழுது இல்லை. மோட்டார் கன்ட்ரோலரின் உள்ளே உள்ள வெற்று கெபாசிட்டர்கள் ஒரே நொடியில் நிரம்பத் துடிக்கின்றன. 3எஸ்ஸில் இது சத்தம் மட்டும். 6எஸ்ஸில் ஒவ்வொரு முறையும் தங்கப்பூச்சைக் கொஞ்சம் பொசுக்கும். கறுத்த பின் தடை கூடி, பிறகு சூடாகும். எக்ஸ்டி90-எஸ் என்ற வகையில் சுமார் 5.6 ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது. செருகும்போது முதலில் அது தொடும், 25.2 வோல்ட்டில் முதல் பாய்ச்சல் 4.5 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். அதைப் பயன்படுத்தும்போது தயங்கித் தயங்கிச் செருகுங்கள்; ஒரே குத்தாகக் குத்தினால் ரெசிஸ்டருக்கு நேரம் இருக்காது.

ஓடும்போது கனெக்டர் சூடாகிறது. எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, ஒரு பின்னின் இரு பக்கமும் – பேட்டரி ஒயரின் ஈயத்தில் ஒரு முனை, லோடு ஒயரின் ஈயத்தில் மறுமுனை – அளக்கவும். 20 ஆம்பியரில் நல்ல எக்ஸ்டி60 தொடர்பு பத்து, இருபது மில்லி வோல்ட் காட்டலாம். 200 மில்லி வோல்ட் காட்டினால் அது 10 மில்லி ஓம். அந்த ஒரு பின்னில் மட்டும் 4 வாட் வெந்துகொண்டிருக்கிறது. அயர்ன் முனையைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்ததற்குச் சமம்.

பிளஸ்ஸும் மைனஸும் தனித்தனியாக அளந்தால் எது குற்றவாளி என்று தெரியும். ஒன்று மட்டும் அதிகமென்றால் அங்கே குளிர் ஈயம் (சூடு போதாமல் சரியாக ஒட்டாத ஈயம்), அல்லது தளர்ந்த பின். இரண்டும் சமமாக அதிகமென்றால் கனெக்டரே சிறிது.

ஈஎஸ்பி32 வைஃபை தொடங்கியதும் ரீசெட் ஆகிறது. கனெக்டரை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. கணக்குப் போடுங்கள். 28 கேஜ் ஒயர் மீட்டருக்கு 213 மில்லி ஓம். 15 செ.மீ. ஒயர், போய்வர 30 செ.மீ.: 64 மில்லி ஓம். தொடர்புகளுக்கு ஒரு 30 சேர்த்தாலும் 0.1 ஓம்கூட ஆகவில்லை. வைஃபை உச்சத்தில் 0.4 ஆம்பியர் என்றால் இழப்பு 0.04 வோல்ட். போர்டில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வெளியே தருவதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் அதிகம் உள்ளே வேண்டும். 3.7 வோல்ட் செல்லில் அது 3.3 தராது. குற்றம் அங்கே.

ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கணினி போர்டு வேறு விஷயம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர், 30 செ.மீ. பெர்க் ஜம்பர் ஒயர் இரண்டு. 28 கேஜில் 60 செ.மீ.: 128 மில்லி ஓம், இழப்பு 0.38 வோல்ட். இரண்டு தொடர்புக்கு 0.12 போனால் மிச்சம் 4.6. பை குறைந்த வோல்டேஜ் என்று எச்சரிக்கும் எல்லை 4.63. இங்கே 18 கேஜ் ஒயர் போட்டால் ஒயர் இழப்பு 0.04-ஆகக் குறையும்.

ஃபியூஸ் அவசியமா? எங்கே, எவ்வளவு?

அவசியம். பிளஸ் ஒயரில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, போர்டை அல்ல. எனவே அளவு லோடின் வழக்கமான கரண்டுக்கு மேலும், ஒயர் தாங்குவதற்குக் கீழும் இருக்க வேண்டும். 22 கேஜ் ஒயரில் ஓடும் 2 ஆம்பியர் வேலைக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸும் அதன் ஒயர் ஹோல்டரும் 12 வோல்ட் வேலைக்கு மலிவு, நம்பகம்.

18650 செல் ஹோல்டரில் ஸ்பிரிங் இருக்கிறது. எத்தனை ஆம்பியர் எடுக்கலாம்?

மலிவான ஸ்பிரிங் ஹோல்டரில் 1 ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள். அந்த ஸ்பிரிங் இரும்பு. சூடானால் இழுவை தளர்ந்து தடை இன்னும் கூடும். செல்லின் முனையில் நேராக ஈயம் வைக்கவும் கூடாது. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்ட் செய்து வாங்குங்கள்.

டிசி ஜாக் எல்லாம் ஒன்றுதானே?

வெளி விட்டம் 5.5 மி.மீ. ஒன்றாக இருந்தாலும் உள் ஊசிக்கு 2.1, 2.5 என இரண்டு அளவு. 2.5 பிளக் 2.1 ஜாக்கில் நுழைந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும். அசைத்தால் அணைந்து எரிகிறது என்ற புகார்களில் பாதி இதுதான்.

மேசையில் 1எஸ், 3எஸ், 12 வோல்ட் மூன்றும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கனெக்டர் போட்டால் வசதியாக இருக்குமே?

வசதிதான், என்றாவது ஒருநாள் 12 வோல்ட்டை ஒரு செல் போர்டில் செருகுவதற்கும் அதே வசதி. வோல்டேஜுக்கு ஒரு கனெக்டர் என்று பிரித்துவிடுங்கள்: ஒரு செல்லுக்குப் பிஎச், 2எஸ்–3எஸ்ஸுக்கு எக்ஸ்டி30, 12 வோல்ட் அமிலப் பேட்டரிக்கு எக்ஸ்டி60. தவறாகச் செருக நினைத்தாலும் நுழையாது.

பிஎச் கனெக்டர் போர்டிலிருந்து கழலவே மாட்டேன் என்கிறது. ஒயரைப் பிடித்து இழுக்கலாமா?

கூடாது. ஒயர் கனெக்டரிலிருந்து வராது. பேட்டரியின் பாதுகாப்புப் பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அங்கே பிளஸ்ஸும் மைனஸும் சில மி.மீ. தூரத்தில்தான் இருக்கின்றன. பிஎச் ஒரு முறை பொருத்தி மூடிவிடும் கருவிகளுக்காக உருவானது. தினமும் கழற்றி மாட்டுவதற்கு அல்ல. ஹவுசிங்கின் இரு ஓரத்தையும் மூக்குக் குறடால் மெல்லப் பிடித்து, இடமும் வலமும் சற்று அசைத்தபடி நேராக எடுங்கள். குறடின் வாயில் டேப் சுற்றிக்கொண்டால் ஷார்ட் பயம் இல்லை. அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தால் இடையில் ஒரு ஸ்லைடு சுவிட்ச் வைத்துவிட்டு, கனெக்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.